பழைய சர்வரும் புது ஸ்க்ரிப்டும்: மயிலை வட்டாரத்துப் பதிப்புப் பிணக்கு குறித்து வாக்கிய–திருக்கணித நோக்கில் ஓர் ஆராய்ச்சி

ஆய்வேடு என்றால் முதலில் எல்லை சொல்லியாக வேண்டும். இவ்வாய்வின் வடக்கெல்லை ரிச்சி ஸ்ட்ரீட். ஆய்வுப் பொருளில் பாதி அங்கேதான் செகண்ட் ஹேண்டாகப் பிறக்கிறது. தெற்கே அடையாறு டிப்போ. மேற்கே உஸ்மான் ரோடு. கிழக்கே கடல், அதன் உப்புக் காற்று சர்வர் மின்விசிறிகளை அரிப்பதால் கடலையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்த்தாயிற்று. இந்நான்கு எல்லைக்குள் ஆடிட்டர் ஆபீஸ் பரண்களிலும், ஜவுளிக்கடை பில்லிங் அறைகளிலும், ஸ்கேன் சென்டர்களின் மாடிப்படி அடியிலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய விர்ச்சுவல் சர்வர்களையும், அவற்றோடு பேச முயலும் புதிய ஸ்க்ரிப்ட் கருவிகளையும், இரண்டும் முகம் கொடுத்துப் பேசாதபோது நடுவில் கையைப் பிசைந்து நிற்கும் பையனையும் இவ்வேடு ஆராய்கிறது.

ஓஎம்ஆர் இதில் சேர்க்கப்படவில்லை. அங்கே காலாகாலத்தில் சர்வரை மாற்றிவிடுகிறார்கள். ஆராய்ச்சிக்கு அது உதவாது.

பொருள் விளங்காத வாசகருக்காக ஒரு விளக்கம். ஒரே இரும்புப் பெட்டிக்குள் நாலைந்து கம்ப்யூட்டர்கள் இருப்பதாகப் பாவனை செய்வதே விர்ச்சுவல் சர்வர். ஒன்றில் டாலி ஓடும். ஒன்றில், எழுதியவரே மறந்துபோன சம்பளப் பட்டுவாடா மென்பொருள், விண்டோஸ் 2003-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். இவற்றை எழுப்ப, படுக்கவைக்க, ராத்திரி நகல் எடுக்க, ஒவ்வொன்றாக மவுஸால் தட்டாமல் வரிசையாகக் கட்டளைகளை எழுதி வைத்துக்கொண்டால் அதுவே ஸ்க்ரிப்ட். நம் வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்படும் பெட்டி விஎம்வேர் இனத்து இஎஸ்எக்ஸ்ஐ. அதற்குரிய ஸ்க்ரிப்ட் கருவி பவர்சிஎல்ஐ. 2008-இல் விஐ டூல்கிட் என்று பெயரிடப்பட்டு, அடுத்த வருஷமே பவர்சிஎல்ஐ ஆகி, 2025-இல் விசிஎஃப் பவர்சிஎல்ஐ என்று மறுபடியும் பெயர் மாற்றிக்கொண்ட கருவி அது. நியூமராலஜி பார்த்தார்களா என்பதற்குச் சான்று இல்லை.

அடையாற்றுப் பக்கத்தில் இப்பிணக்கு புதிதன்று. 1973-இல் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 வந்து இறங்கியது. அந்த மாடலின் வரலாறு நம் ஆய்வுக்கு முன்னோடி. 1970-இல் ஐபிஎம் அதை அறிவித்தபோது அதில் மெய்நிகர் நினைவகத்துக்கான வன்பொருள் கிடையாது. 1972 ஆகஸ்டில் அதே கம்பெனி விஎம்/370 என்ற மென்பொருளை அறிவித்தது. ஒரு மெஷினைப் பல மெஷின்களாகக் காட்டுவதே அதன் வேலை. 155-ஐ ஆசையாக முன்கூட்டி வாங்கியவர்கள் அதை ஓட்ட வேண்டுமானால் தனியாக ஒரு பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியாக வேண்டும். பெட்டிக்கு வயது இரண்டு, அதற்குள் பழசு. உலகெங்கும் வாடிக்கையாளர்கள் வைதார்கள். இத்துறையின் முதல் ஆவணம் வசவு என்பதை ஆய்வாளர்கள் மனத்தில் கொள்க.

இனி கோட்பாட்டுக்கு வருவோம். பதிப்புப் பிணக்கு பற்றிச் சிந்தித்தவர்கள் என்று சிலிக்கான் பள்ளத்தாக்கில் யாரையோ காட்டுவார்கள். நுங்கம்பாக்கத்தைக் காட்டுவதுதான் முறை.

தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் என்று ஒன்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று ஒன்றும் இருப்பது குழந்தைக்கும் தெரியும். வாக்கியம் என்பது மனப்பாடம் செய்த சரங்கள். சந்திரனின் இருப்பிடத்தை 248 நாளைக்கு 248 வாக்கியங்களாகக் கட்டி, எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்து வைத்தார்கள். வரருசி செய்தது என்பது மரபு. வாக்கியம் தெரிந்தவனுக்கு வானியல் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’த்தில் இதற்குச் சாட்சி வைத்திருக்கிறார். அவ்வருஷம் மே கடைசியில் வந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஓர் எழுத்துகூட எழுதாமல், மனப்பாடத்திலிருந்தே கணித்துச் சொன்னார். சித்தாந்தம் எதுவும் அவருக்குத் தெரியாது என்று வாரன் குறிக்கிறார். விடையோ தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிசகியது.

இது ஸ்க்ரிப்ட் அல்லாமல் வேறென்ன? ஏன் என்று தெரியாது, வரிசை தெரியும், ஓட்டினால் விடை வரும். இன்று மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸில் இரவு பதினொரு மணிக்கு ஓடும் நகலெடுப்பு ஸ்க்ரிப்டும் இப்படித்தான். அதை எழுதிய பையன் இப்போது டொராண்டோவில் இருக்கிறான். அவன் விட்டுச்சென்ற ஒரே உரைக்குறிப்பு, மூன்றாம் வரியின் ஓரத்தில் உள்ள ‘இதை மாத்தாதே’.

வாக்கியத்துக்கு வந்த சங்கடம் என்ன? வானம் நகர்ந்தது, வாக்கியம் நகரவில்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட மெட்ராஸ் வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர், தொலைநோக்கியில் பார்த்ததற்கும் பஞ்சாங்கத்தில் படித்ததற்கும் இடையிலிருந்த தூரத்தைப் பொறுக்க மாட்டாமல் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். அதாவது ஒரு புதுப் பதிப்பு. ஊர் அதை ஏற்றுக்கொண்டதா? பாதி ஏற்றுக்கொண்டது. 1952-இல் மேகநாத் சாஹா தலைமையில் மத்திய அரசு கமிட்டி போட்டு, ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் என்று ஒன்றும் வந்த பிறகு, பதிப்புகள் இரண்டு என்பது மூன்றானதே மிச்சம். 2025 மார்ச் 29-ஆம் தேதி திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாறு கோயிலோ, நாங்கள் வாக்கியம், எங்களுக்கு 2026-இல்தான் பெயர்ச்சி என்று அறிவித்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் ஒரே சனி இரண்டு ராசியில் இருந்தார். ஒருவர் வீட்டிலும் சோறு வேகாமல் நிற்கவில்லை.

இவ்வேட்டின் மையக் கருத்து இங்கேதான். நம் சர்வர் விவகாரத்தில் அதே பிணக்குத் தலைகீழாக நடக்கிறது. இங்கே வானம் நகர்வதில்லை. பரண் மேல் இருக்கும் இஎஸ்எக்ஸ்ஐ 5.5 என்பது 2013-இல் வெளிவந்து, 2018 செப்டம்பர் 19-இல் கம்பெனி கைகழுவிய பிறகும், அதே இடத்தில் அதே தூசியோடு அப்படியே நிற்கும் வானம். நகர்வது வாக்கியம். புது லேப்டாப் வாங்கியதும் அது தானாகப் புதுப்பித்துக்கொண்டு வந்து நிற்கிறது. ஆகவே வானத்துக்கு வாக்கியத்தைத் திருத்திய ரகுநாதாச்சாரியார் வழி சரி என்றால், நகராத வானத்துக்கு முன் வாக்கியத்தை நகர்த்தாமல் இருப்பதே அவர் வழியில் நடப்பது. இதை ஒரு நூற்பாவாகச் செய்யலாம்:

பெட்டி பழையதேல் கருவி இறங்குக;
கருவி பழையதேல் பெட்டி பொறுக்கும்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், பொறுமை எந்தப் பக்கம் இருக்கும் என்பதை நுதலிற்று. பெட்டி என்றது சர்வரை. புதிய சர்வர் தனக்கு முந்தைய பதிப்புகளின் பேச்சை நினைவில் வைத்திருக்கும். பழைய கருவி வந்து பழைய பாஷையில் கேட்டாலும், மெதுவாகக் குனிந்து பதில் சொல்லும். பழைய சர்வருக்கோ தனக்குப் பின் பிறந்த பாஷை தெரிய வழியில்லை. எனவே இறங்க வேண்டியது கருவியே. ‘இறங்குக’ என்றது மாடியிலிருந்தோ எனின், அன்று; பதிப்பிலிருந்து. ‘பொறுக்கும்’ என்றதனால் எல்லாம் பொறுக்கும் என்று கொள்ளற்க. பல பெட்டிகளை ஒன்றாக நிர்வகிக்கும் விசென்டர் 6.7-இன் கீழ் இஎஸ்எக்ஸ்ஐ 6.0 வரை கட்டி மேய்க்கலாம், 5.5 வந்தால் கதவு திறக்காது. பொறுமைக்கும் ஒரு படிக்கட்டு உண்டு.

அவ்வளவு சிரமம் எதற்கு, சர்வரையே மேலே ஏற்றிவிடலாமே என்று ஒரு தரப்பு எப்போதும் எழும். இவர்களைப் புதுப்பிப்பு வாதியர் எனலாம். இவர்களுக்கு எதிர்க்கட்சி, எதற்கும் ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்னும் மறுதொடக்க வாதியர். மூன்றாவது கட்சி ‘ஓடறதைத் தொடாதே’ என்பது. வட்டாரத்தில் இதுவே பெரும்பான்மை. புதுப்பிப்பு வாதியருக்கு விடை: 5.5-இலிருந்து 6.7-க்கு நேராகத் தாவ முடியாது. நடுவில் 6.0 அல்லது 6.5-இல் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். ஏறினாலும் 6.7-க்கு மேல் போக முடியாத பெட்டிகள் ரிச்சி ஸ்ட்ரீட் வாரிசுகளில் ஏராளம். இன்டெலின் வெஸ்ட்மியர் சிப்களை 7.0 ஏற்பதில்லை. மென்பொருள் இளமையானாலும் இரும்பு கிழடு. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்குத் தூக்கப்பட்ட பெட்டியை மறுபடி அசைக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். வெள்ளத்துக்குத் தப்பியது அப்டேட்டில் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

இனிக் களம். இடம் மயிலாப்பூர், கச்சேரி ரோட்டுக்கு உள்ளடங்கிய ஓர் ஆடிட்டர் ஆபீஸ். பாத்திரங்கள் இருவர்: சீனியர் ஆடிட்டர் ஒருவர், தி. நகரிலிருந்து புது லேப்டாப்போடு வந்த பையன் ஒருவன். பெயர்கள் ஆய்வு நெறிப்படி மறைக்கப்பட்டுள்ளன.

“ஏம்ப்பா, நேத்து வரைக்கும் நன்னா ஓடிண்டிருந்ததே?”

“சர்வர் ஒண்ணும் ஆகல சார். பழைய பிசி போயிடுச்சுன்னு என் லேப்டாப்ல ஸ்க்ரிப்டைப் போட்டேன். வெர்ஷன் ஒத்து வரல.”

“என்ன சொல்றது?”

“சிவப்பு சிவப்பா என்னமோ சொல்லுது சார்.”

இந்தச் ‘சிவப்பு சிவப்பா என்னமோ’ என்பதில்தான் ஆராய்ச்சியே இருக்கிறது. பையன் அதைப் படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை. உ.வே.சா. செல்லரித்த ஏட்டில் விட்டுப்போன எழுத்தைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். நம் காலத்தில் எழுத்தெல்லாம் முழுசாக, வர்ணத்தில், இலவசமாகக் கிடைத்தும் திரையை மேலே தள்ளிவிட்டு அதே கட்டளையை மறுபடி அடிக்கிறார்கள். சிவப்பைப் படித்தால் அங்கே ஒன்றல்ல, அடுக்கடுக்காக மூன்று நோய் இருந்தது தெரியவரும். ஒன்றைத் தீர்த்தால்தான் அடுத்தது முகம் காட்டும்.

முதலாவது எளியது. ஸ்க்ரிப்டின் முதல் வரி ஆட்-பிஎஸ்ஸ்னாப்பின் என்று தொடங்குகிறது. அக்காலத்தில் பவர்சிஎல்ஐயை ஸ்னாப்பின்னாகத்தான் செருகிக்கொள்வார்கள். 2017 ஏப்ரலில் வந்த 6.5.1 பதிப்பிலிருந்து கருவி மாட்யூல்களாக, விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லின் கேலரிக்குக் குடிபோயிற்று. புதிய பவர்ஷெல்லுக்கு அந்தக் கட்டளையே தெரியாது. பேட்டைக்குப் புதிய போஸ்ட்மேன் மாதிரி விழிக்கும். அந்த வரியை எடுத்துவிட்டு மாட்யூலை அழைத்தால் போதும். ‘இதை மாத்தாதே’ என்ற குறிப்பு மூன்றாம் வரிக்குத்தான். முதல் வரியைக் கட்டுப்படுத்தாது என்பது நம் உரை.

இரண்டாவது சான்றிதழ். பரண் மேல் சர்வர் தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழைத்தான் நீட்டும். பழைய பவர்சிஎல்ஐ அதைப் பார்த்து மஞ்சள் எழுத்தில் முணுமுணுத்துவிட்டு உள்ளே விட்டுவிடும். 2018-இல் வந்த 10.0-இலிருந்து அது முணுமுணுப்பதில்லை, கதவைச் சாத்திவிடுகிறது. இதைத்தான் பாதிப் பேர் ‘வெர்ஷன் பிரச்சினை’ என்று பில் போடுகிறார்கள். உண்மையில் இது கண்டிப்பு கூடிய பிரச்சினை. ஆபீஸ் வலைக்குள்ளேயே இருக்கும் சர்வர், அது நம்முடையதுதான் என்று தெரியும் என்றால், செல்லாத சான்றிதழைப் பொருட்படுத்தாதே என்று பவர்சிஎல்ஐயின் அமைப்பில் ஒரு வரி சொல்லிவிடலாம். வெளியூர் சர்வருக்கு இந்த வரியைச் சொல்பவரை இவ்வாய்வு ஆதரிக்காது.

மூன்றாவதுதான் நோய். பாதுகாப்பான தொடர்பை ஏற்படுத்த இயலவில்லை என்று வரும் செய்தி. 5.5-இன் ஆரம்பப் பதிப்புகளுக்கு டிஎல்எஸ் 1.0 என்ற பழைய ரகசியப் பேச்சு மட்டுமே தெரியும். உலகம் 1.2-க்குப் போய்விட்டது. பவர்ஷெல் கேலரியும் 2020 ஏப்ரலிலிருந்து 1.2 பேசாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இப்போது பையனின் நிலையைப் பாருங்கள். கேலரியிலிருந்து மாட்யூல் இறக்க அவன் பழைய விண்டோஸ் பவர்ஷெல்லில், இனி டிஎல்எஸ் 1.2 மட்டும் பேசு என்று ஒரு வரி அடிக்கிறான். யாரோ சொல்லிக்கொடுத்த வரி. மாட்யூல் அழகாக இறங்குகிறது. அதே ஜன்னலில் அப்படியே சர்வரை அழைக்கிறான். சர்வர் வாய் திறக்கவில்லை. காரணம், அந்த ஒரு வரி அந்த ஜன்னல் மூடும் வரை எல்லோருக்கும் பொருந்தும்: தெருவுக்கு 1.2, வீட்டுக்குள்ளும் 1.2. வீட்டில் இருக்கும் பெரியவருக்கோ 1.0 தவிர எதுவும் காதில் விழாது. புது ஜன்னல் திறந்து, அங்கே 1.0-ஐயும் அனுமதித்தால் பேச்சு நடக்கும். அல்லது ஒரே வரியில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். இந்த நுணுக்கம் தெரியாமல் இரவு முழுக்க மறுதொடக்க வாதியராக மாறிய இளைஞர்கள் இவ்வட்டாரத்தில் பலர்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு காரியம் உண்டு. சர்வரையே கேட்பது. பிரவுசரில் சர்வர் முகவரியை அடித்து, அதன் பின்னால் சாய்கோடு எஸ்டிகே, சாய்கோடு விம்சர்வீஸ்வெர்ஷன்ஸ் புள்ளி எக்ஸ்எம்எல் என்று சேர்த்தால், கடவுச்சொல் கேட்காமலேயே ஒரு சின்னக் கோப்பு வரும். மாட வீதிப் பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டதும் காதைத் தொட்டு முன்னோர் ரிஷிகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக் கடைசியில் தன் பெயரைச் சொல்வார்களே, அந்த அபிவாதனம்தான். சர்வர் தன் பதிப்பைச் சொல்லி, தனக்கு முந்தியவையாகத் தான் ஏற்கும் பதிப்புகளை 5.1, 5.0, 4.1, 4.0 என்று இறங்குவரிசையில் ஒப்பிக்கும். கருவிகளும் முதலில் இதைப் படித்துத்தான் எந்தப் பாஷையில் பேசுவது என்று முடிவு செய்கின்றன. இருவருக்கும் பொதுவான ஒரு ரிஷி அகப்பட்டால் உரையாடல் உண்டு. பையன் இதைப் பார்த்திருந்தால் அரை மணியில் வீடு திரும்பியிருப்பான். பில்லும் அரை மணிக்குத்தான் போட்டிருக்க முடியும் என்பதால் பார்க்காமல் விட்டதிலும் ஒரு நியாயம் இருக்கலாம்.

களத்தில் இன்னொரு குழப்பமும் பதிவாயிற்று. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு சர்வர் ஒருமுறை திணறியது என்றார் சீனியர். பையன் லாக்கைப் பார்த்துவிட்டு, இல்லை சார், விடிகாலை ரெண்டு மணி என்றான்.

“ஏழரைக்கு நான்தானே இங்கே உக்காந்திருந்தேன்! ராகு காலம் ஆரம்பிச்சதும் லைட்டெல்லாம் மினுக்கித்து.”

“லாக்ல ரெண்டுதான் சார் போட்டிருக்கு.”

இருவரும் மெய்யே சொன்னார்கள். இஎஸ்எக்ஸ்ஐ தன் லாக்கை எப்போதும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி சேர்க்க வேண்டும். நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்துத் தந்த மெட்ராஸ் டைம் தொடர்ந்திருந்தால் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி சேர்க்க வேண்டியிருக்கும். 1906-இல் இந்திய நேரம் வந்ததில் லாக் படிப்பவர்களுக்கு இந்த அளவுக்காவது நிம்மதி. ராகுவின் பங்கு பற்றி லாக்கில் குறிப்பு இல்லை.

தி. நகர் மாதிரி வேறு வகை. அங்கே ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில், கட்டைப் பைகள் அடுக்கிய அறையில், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதில் இஎஸ்எக்ஸ்ஐயின் வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி. புது லேப்டாப்பிலிருந்து கட்டளை கொடுத்தால் இதுவும் முறுக்கிக்கொண்டது. ஆனால் இங்கே மைக்ரோசாஃப்ட், வட்டார மரபை அறிந்தோ அறியாமலோ, ஒரு மயிலாப்பூர்க் காரியம் செய்திருக்கிறது. விண்டோஸ் 10-இல் ஹைப்பர்-வி மாட்யூலின் 2.0, 1.1 என்ற இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். சும்மா அழைத்தால் 2.0 வந்து நிற்கும். பழைய சர்வரோடு பேச வேண்டுமானால், எனக்கு 1.1-தான் வேண்டும் என்று எண் சொல்லி அழைக்க வேண்டும். ஒரே சுவரில் பாம்புப் பஞ்சாங்கமும் திருக்கணிதக் காலண்டரும் தொங்கும் வீடு இது. கல்யாணத்துக்கு ஒன்று, திதிக்கு ஒன்று. எதைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் சண்டை இல்லை.

மேலும் பழைய 2008 ஆர்2 கிடைத்தால் தயவு செய்து தகவல் தரவும். அது பேசும் வி1 என்ற உட்கூற்றையே 2012 ஆர்2-இல் எடுத்துவிட்டார்கள். வி2 மட்டும் அறிந்த கருவிகள் அதனிடம் ஊமைப்படம் பார்த்த கதைதான். அருங்காட்சியகத் தரம்.

இப்போது இவ்வேட்டின் மிகக் கடினமான பகுதி. இஎஸ்எக்ஸ்ஐ சொல்லும் பிழைச் செய்திகளில் ஒன்று உண்டு: தற்போதைய உரிமமோ அல்லது இஎஸ்எக்ஸ்ஐ பதிப்போ இந்தச் செயலை அனுமதிக்கவில்லை என்று பொருள்பட வரும். இந்த ‘அல்லது’வில் தடுக்கி விழாதவர் இல்லை. பையன் ‘பதிப்பு’ என்ற சொல்லைக் கண்டதும் தாவுகிறான். கருவியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி, மூன்று பவர்சிஎல்ஐ மாற்றிப் பார்க்கிறான். ஆடிட்டருக்கு, இது ‘உரிமம்’ பற்றியதோ என்று சந்தேகம் வந்தாலும் வெளியே சொல்வதில்லை, சொன்னால் செலவு. விஷயம் இதுதான்: இலவச இஎஸ்எக்ஸ்ஐயில் ஸ்க்ரிப்ட் வழியாகப் படிக்கலாம், எழுத முடியாது. எத்தனை விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், இருக்கிறது, எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டால் பட்டியல் தரும். ஒன்றை நிறுத்து, ஸ்னாப்ஷாட் எடு என்றால் மேற்படி ‘அல்லது’. எந்தப் பதிப்புக் கருவியைக் கொண்டு வந்தாலும் அதே பதில்தான். படிக்கும் கட்டளை ஓடி, மாற்றும் கட்டளை மட்டும் நின்றால் அது உரிமம். உள்ளே நுழையவே விடாவிட்டால் பதிப்பு, சான்றிதழ், டிஎல்எஸ். இந்தப் பகுப்பை எழுதி சர்வர் பெட்டியில் ஒட்டினால் வட்டாரத்தில் பாதிப் பிணக்கு தீரும்.

2023 நவம்பர் 22-இல் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தி, 2024 தொடக்கத்தில் இலவசப் பதிப்பையும் எடுத்துவிட்டு, 2025 ஏப்ரலில் சத்தமில்லாமல் அதைத் திருப்பிக் கொடுத்ததில் ‘அல்லது’வின் உரிமப் பக்கம் கனம் கூடியிருக்கிறது. கட்டணம் எகிறியதும் மூன்றாம் கட்சி, அதாவது தொடாதே கட்சி, வரலாறு காணாத உறுப்பினர் சேர்க்கை கண்டது.

மீண்டும் களம். மூன்று நோயும் பட்டியலாகி, பையன் வியர்த்து உட்கார்ந்திருக்கையில் சீனியர் ஃபில்டர் காபியை அவன் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்:

“போன பிசியோட டிஸ்க் இருக்கோன்னோ? அதுலதான் எல்லாம் ஓடித்து. அதையே ஒரு மூலையில் மாட்டி வெச்சுடேன். இதுக்கு மட்டும்.”

கருவியை அதன் பதிப்பிலேயே உறையவைத்து, அதற்கென்று ஒரு மெஷினைத் தனியாக ஒதுக்கி, அதன் வழியாகவே பழைய சர்வரைத் தொடுவது என்பது இத்துறை வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட நெறி. வரித் தாக்கல் அறிவைக் கொண்டு அதை அடைந்தவர் இவர். பையன் சந்தோஷமாக அந்த டிஸ்க்கை ஒரு விஎம் ஆக்கி, அதே பழைய சர்வருக்குள்ளேயே குடிவைத்துவிட்டான். இங்கே ஆய்வு குறுக்கிட்டாக வேண்டும். சர்வரை நிர்வகிக்கும் கருவி அந்தச் சர்வருக்குள்ளேயே இருந்தால், சர்வர் படுத்த அன்று கருவியும் படுத்துவிடும். தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு ஆத்மாச்ரய தோஷம் என்று பெயர். தன் தோளில் தானே ஏறுவது. ஓர் உபயோகமற்ற பழைய லேப்டாப் போதும். இணையத்தில் அதைச் சேர்க்காமல், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அணைத்து, தேவையான மாட்யூல் பதிப்பை வேறு மெஷினில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வந்து வைத்தால் அது பல்லாண்டு வாழும். டிஎல்எஸ் 1.0 பேசும் ஒன்றைத் தெருவோடு பழகவிடாமல் வைப்பது அதன் பத்திரத்துக்கும் நல்லது.

கடைசியாகக் காலம் பற்றிய ஒரு பிரச்சினை ஆய்வில் விடுபடாமல் பதிவாக வேண்டும். ஆதரவு முடியும் தேதியை எந்தப் பஞ்சாங்கப்படி கொள்வது? இஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஸ்பியர் 7.0-க்கு 2025 ஏப்ரல் 2 என்று முதலில் இருந்ததைக் கம்பெனி அக்டோபர் 2-க்குத் தள்ளிவைத்தது. அது காந்தி ஜயந்தி. அவ்வருஷம் விஜயதசமியும் அன்றுதான். முதல் நாள் அக்டோபர் 1, ஆயுத பூஜை. வட்டாரத்து சர்வர்களின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டு, குங்குமத்தில் ஒரு சிட்டிகை முன்பக்க வலை வழியாக மின்விசிறிக்குள் போய், மேலே ஒரு முழம் கதம்பம் சார்த்தப்பட்டது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் புனர்பூஜை வரை கையாளக் கூடாது என்பது விதி. எனவே அன்றிரவு நகலெடுப்பு ஸ்க்ரிப்ட் நிறுத்தி வைக்கப்பட்டது. மறுநாள் புதுசாக எதையும் தொடங்குவதற்கென்றே உள்ள நாள். அன்றைக்கு 8.0-க்கு ஏறியவர் யாராவது உண்டா என்று தி. நகர், மயிலை, அடையாறு மூன்றிலும் விசாரித்ததில் கிடைத்த ஒரே பதில்:

“லீவு சார்.”